என் மூக்கு கெட்டுவிட்டதா, டாக்டர்?

பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் வாசனை எண்ணெய் கலக்கும் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். கலவையின் தரம் பார்ப்பதும் இவர் பொறுப்பு. அங்கே நாள் முழுக்கப் புழங்குவது பெரும்பாலும் ஒரே வகைப் பூ மணம். சேர்ந்த புதிதில் தலை வலிக்கும் அளவுக்குத் தூக்கலாக இருந்த அந்த மணம் இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிவதே இல்லை. வேறு பிரிவிலிருந்து வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். இவருக்கோ அது வெறும் காற்று. அதே சாயல் உள்ள வேறு பூ மணங்களும் மங்கலாகத் தெரிகின்றன. எலுமிச்சை, புகை, மண் வாசனை எல்லாம் பழையபடி இருக்கின்றன. இரண்டு வாரம் விடுப்பில் போய்விட்டு வந்த அன்று காலை அந்தப் பூ மணம் பளிச்சென்று தெரிந்ததாம். அரை மணி நேரத்தில் மீண்டும் மறைந்துவிட்டது.

இது கடிதத்தின் முதல் பாதி. இரண்டாவது பாதி இதற்கு நேர் எதிர். எட்டு மாதங்களுக்கு முன் அதே அறையில் சால்வென்ட் (பிற பொருள்களைக் கரைக்கும் திரவ ரசாயனம்) டிரம் ஒன்று கசிந்து, எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். அதிலிருந்து அந்த நெடி துளி இருந்தாலும் இவருக்குத் தெரிந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் "ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். மேலாளர் "எல்லாம் உங்கள் கற்பனை" என்று முடித்துவிட்டார். வீட்டில் இன்னொரு பிரச்சினை: சென்ட்டை அள்ளித் தெளிக்கிறார் என்று கணவரும் மகனும் தினமும் புகார்.

வாசனை நரம்பு கருகிவிட்டது என்று இவராகவே முடிவு செய்து, வீட்டில் மூக்கில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். வேலை இடத்தில் காப்பிக் கொட்டையை முகர்கிறார். மூக்கில் அடிக்கும் துத்தநாக மருந்து ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. கேள்விகள் மூன்று. நரம்பு கெட்டுவிட்டதா? சால்வென்ட் நெடி உண்மையா, மனப்பிரமையா? வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நோய் இல்லை என்று நான் கையெழுத்துப் போட முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால், உங்கள் மூக்கு கெட்டிருப்பதைவிடப் பழகியிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

காரணம் சொல்கிறேன். வாசனை நரம்புகள் மொத்தமாக அடிபட்டால் அவை பூ மணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விட்டுவிடாது. சளி அடைப்போ வைரஸ் தாக்குதலோ ரசாயனமோ, எதுவானாலும் பெரும்பாலும் எலுமிச்சையும் புகையும் சேர்ந்தே மங்கும். உங்களுக்கு மங்கியது, தினமும் எட்டு மணி நேரம் சுவாசிக்கும் மணமும் அதன் சொந்தபந்தங்களும் மட்டுமே. அதைவிட முக்கியம் அந்த இரண்டு வார விடுப்பு. கருகிப்போன நரம்பு விடுப்பில் போய்விட்டு வந்ததும் வேலை செய்து, அரை மணி நேரத்தில் மறுபடியும் கருகாது.

1996ல் டால்ட்டன், வைசாக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய உங்கள் நிலையைச் செயற்கையாக உருவாக்கிப் பார்த்தார்கள். சிலருடைய வீட்டில் ஒரு குறிப்பிட்ட மணத்தை இரண்டு வாரம் பரவ விட்டார்கள். அந்த மணத்துக்கு மட்டும் அவர்களுடைய மூக்கு மந்தமானது. மணப்பொருளை வீட்டிலிருந்து அகற்றிய பிறகும் அந்த மந்தம் உடனே போகவில்லை. சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட நீடித்தது. இரண்டு வாரப் பழக்கத்துக்கே இப்படி என்றால், ஆறு ஆண்டுப் பழக்கம் ஒரு வார இறுதியில் கலையாததில் வியப்பில்லை.

மூக்குக்குள் நடப்பது என்ன

மணம் தெரியாமல் போவதற்கு "மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது" என்று ஒரே வரியில் விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே, மூக்கின் நரம்பணுவிலேயே நிறைய மாறிவிடுகிறது.

மூக்கின் கூரைப் பகுதியில் தபால் தலை அளவிலான ஒரு சவ்வில் லட்சக்கணக்கான வாசனை நரம்பணுக்கள் இருக்கின்றன. மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991ல் கண்டுபிடித்தார்கள். 2004ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களுக்கு இந்த ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. ஒரு நரம்பணு ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் வைத்திருக்கும். ஒரே வகை ஏற்பி உள்ள நரம்பணுக்கள் எல்லாம் தங்கள் இழைகளை, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகர்வுக் குமிழின் குறிப்பிட்ட சில முடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. ஆக, உங்கள் பூ மணம் குறிப்பிட்ட சில வகை நரம்பணுக்களை மட்டுமே எழுப்புகிறது. அவற்றை மட்டும் தனியாக அடக்கவும் முடியும், தனியாகக் கூர்மையாக்கவும் முடியும். உங்கள் கடிதத்தின் இரண்டு பாதிகளுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

அடக்குவது பல அடுக்குகளில் நடக்கிறது. முதல் அடுக்குக்கு நொடிகள் போதும். மணத் துகள் ஏற்பியில் ஒட்டியதும் நரம்பணுவின் வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே வருகிறது. செய்தி கிளம்ப உதவும் அதே கால்சியம், அடுத்த கணமே வாயில்களின் உணர்திறனைக் குறைத்தும் விடுகிறது. விடுப்பு முடிந்து வந்த அன்று மணம் விரைவில் மங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது அடுக்கு நாள்கணக்கில் நடப்பது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்கான் என்பவரின் ஆய்வுக்குழு வளர்ந்த எலிகளை ஒரு வாரம் ஒரே மணத்தில் வைத்திருந்தது. அதன் பிறகு அந்த மணத்துக்கு எலிகளின் நரம்பணுக்கள் முகர்வுக் குமிழுக்குள் வெளியிடும் கடத்திப் பொருளின் (அடுத்த நரம்பணுவுக்குச் செய்தியைக் கொண்டுபோகும் ரசாயனம்) அளவே குறைந்துவிட்டது. அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மணத்துக்கும் குறைந்தது. சம்பந்தமில்லாத மணங்களுக்குக் குறையவில்லை. 2013ல் வந்த இந்த ஆய்வைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தால், எலிகளுக்குப் பதிலாக நீங்களே எழுதியது போல இருக்கிறது: சாயல் உள்ள பூ மணங்கள் மங்கல், எலுமிச்சை பளிச். எலி வேறு, மனிதர் வேறு, சரி. ஆனால் மூக்கின் இந்த அடிப்படை அமைப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

2021ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். எலி எந்த மணச் சூழலில் வாழ்கிறதோ அதற்கு ஏற்ப, ஒவ்வொரு வாசனை நரம்பணுவும் தனக்குள் எந்த மரபணுவை எவ்வளவு இயக்குவது என்பதை மாற்றிக்கொள்கிறது. சூழலை மாற்றினால் இந்த அளவுகளும் மாறுகின்றன. அடுத்த முறை மணம் வரும்போது நரம்பணு எவ்வளவு பலமாகப் பதில் சொல்லும் என்பதும் மாறுகிறது. அதாவது, நேற்றுவரை முகர்ந்ததன் கணக்கு நரம்பணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் வேலையிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. எண்ணெயை எடை போடும் முன் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்துவீர்கள் அல்லவா? தராசு பூஜ்யம் காட்டும். பாத்திரத்தின் எடை எங்கும் போய்விடவில்லை. அதன் மேல் புதிதாக என்ன விழுகிறது என்பதை மட்டும் தராசு சொல்கிறது. உங்கள் மூக்கு அந்தப் பூ மணத்தை இப்படிப் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறது. எப்போதும் இருக்கும் மணத்தை ஒதுக்கிவிட்டு, புதிதாக வருவதைக் கவனிப்பதுதான் மூக்குக்கு முக்கியம்.

சால்வென்ட் நெடி மட்டும் ஏன் கூடியது?

இதே ரட்கர்ஸ் குழு, அதே 2013ல், இன்னொரு சோதனையும் செய்தது. ஒரு மணம் வரும்போதெல்லாம் எலிக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில முறைக்குப் பிறகு அந்த மணத்துக்கு நரம்பணுக்கள் குமிழுக்கு அனுப்பும் செய்தி முன்பைவிடப் பலமானது. பயம் மனத்தில் மட்டும் பதியவில்லை, மணத்தைப் பிடிக்கும் முதல் நரம்பணுவின் வாசல் வரை இறங்கிவிட்டது. மனிதர்களிடமும் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசமே தெரியாத இரண்டு மணங்களில் ஒன்றை மட்டும் மின் அதிர்ச்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது, சோதனையில் கலந்துகொண்டவர்களால் பிறகு அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. 2008ல் வெளிவந்த ஆய்வு இது.

எனவே "உங்கள் கற்பனை" என்று மேலாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. டிரம் கசிந்த நாளில் உங்கள் உடல் ஒரு பாடம் படித்திருக்கிறது. அந்த நெடிக்கு உங்கள் நரம்புப் பாதை இப்போது மற்றவர்களைவிடக் கூர்மையாக இருப்பது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் நீங்கள் நினைப்பதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். "எனக்கு நெடி தெரிகிறது, அதனால் அங்கே ஆபத்தான அளவில் சால்வென்ட் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நேராக முடிவு கட்ட முடியாது. டால்ட்டன் செய்த இன்னொரு ஆய்வில் ஒரே மணத்தை மூன்று குழுவினருக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் இது உடலுக்கு நல்ல இயற்கைச் சாறு என்றார்கள். இன்னொரு குழுவிடம் தீங்கு தரக்கூடிய தொழிற்சாலை ரசாயனம் என்றார்கள். மூன்றாவது குழுவிடம் எதையும் சாய்த்துச் சொல்லவில்லை. நல்லது என்று கேட்டவர்களுக்கு மணம் நேரம் ஆக ஆகக் குறைந்தது. ரசாயனம் என்று கேட்டவர்களுக்கு அது குறைந்த மாதிரியே இல்லை. காற்றில் இருந்தது ஒரே பொருள், ஒரே அளவு. அச்சம் இருக்கும் இடத்தில் மூக்கு பழக மறுக்கிறது.

அதனால் உங்கள் மூக்கு சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அளவுக்கு மேல் பெரிதாக்கப்பட்டதாகவும் இருக்கலாம். எங்கோ ஒரு மூடி இன்னும் சரியாக இறுகாமல், சிறு கசிவு தொடர்வதும் நடக்கக்கூடியதே. இதைத் தீர்க்க வேண்டியது காற்றை அளக்கும் கருவி. உங்கள் மூக்கும் மேலாளரின் மூக்கும் வாதாடித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

நீங்கள் நம்பும் சில விஷயங்கள்

வாசனை நரம்பு ஒருமுறை போனால் போனதுதான் என்கிறீர்கள். உடலின் மற்ற பல நரம்புகளுக்கு அது ஓரளவு பொருந்தும், இதற்குப் பொருந்தாது. வாசனை நரம்பணுக்கள் வெளிக்காற்றில் நேராகப் படும் நரம்பணுக்கள். அடிக்கடி சேதமாகும், அதனால் அடியில் இருக்கும் மூல செல்கள் புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. வயதாக ஆக இந்த வேகம் குறையும். பலத்த சேதத்தில் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஆனால் கதவு அடைத்தே கிடக்கவில்லை.

"மூக்கில் சுரீரென்று எரிச்சல் தெரிகிறது, ஆகவே நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது" என்று ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அது வேறு நரம்பு. அம்மோனியாவின் எரிச்சல், யூகலிப்டஸின் குளிர்ச்சி, ஆல்கஹாலின் காரம் இவற்றை எடுத்துச் செல்வது முகத்தின் உணர்வு நரம்பு. வாசனை முழுவதுமாகப் போனவர்களுக்கும் அம்மோனியா சுரீர் என்றுதான் இருக்கும். உங்களுக்கு நம்பிக்கை தர வேண்டிய அறிகுறி எரிச்சல் அல்ல, எலுமிச்சையும் புகையும் பழையபடி தெரிவதுதான்.

அப்புறம் அந்தப் பஞ்சு. யோசனை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. எலிகளுக்கு ஒரு மூக்குத் துளையை அடைத்து வைத்தால், அந்தப் பக்கக் குமிழில் நரம்பு முனைகளைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் உற்பத்தி குறைகிறது. நரம்பு முனைகள் ஒவ்வொரு செய்திக்கும் கூடுதலாகக் கடத்திப் பொருளை வெளியிடத் தயாராகின்றன. பட்டினி கிடந்த மூக்கு பசியோடு இருக்கும் என்பது மெய். ஆனால் நீங்கள் செய்வது தலைகீழாக இருக்கிறது! பழகிப்போன அந்த ஒரே மணம் இருக்கும் வேலை இடத்தில் மூக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பலவித மணங்கள் உள்ள வீட்டில் அடைத்து வைக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பூ மணத்திலிருந்து ஓய்வு, எல்லா மணங்களிலிருந்தும் அல்ல. 2012ல் ஆரோக்கியமானவர்களை ஏழு நாள் மணமே படாமல் வைத்துப் பார்த்தபோது, மூளையின் முன்பகுதியில் மணங்களைப் பிரித்தறியும் செயல்பாடு குழம்பியது. மீண்டும் மணங்களோடு பழகியதும் சரியானது. ஆக, மூளைக்கு மணம் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். மேலும், இரவில் மூக்கில் பஞ்சு வைத்துத் தூங்குவது புண்ணுக்கும் தொற்றுக்கும் வழி. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காப்பிக் கொட்டை பற்றிச் சுருக்கமாக: சென்ட் விற்கும் கடைகள் பரப்பிய நம்பிக்கை அது. காப்பிக் கொட்டையையும் எலுமிச்சையையும் வெறும் காற்றையும் ஒப்பிட்டு 2011ல் வந்த ஆய்வில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. வெளியே போய் நல்ல காற்றில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், அதுவே போதும்.

"அதிகமாக முகர்ந்தால் மூக்கு தேய்ந்துபோகும்" என்ற வரியையும் விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் நேர் எதிரான சான்று இருக்கிறது. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருளின் மணம் கணிசமானவர்களுக்குத் தெரிவதே இல்லை. அப்படிப்பட்டவர்களைத் தினமும் சிறிது நேரம் வீதம் பல வாரங்கள் முகரச் செய்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியத் தொடங்கியது. 1989ல் வந்த ஆய்வு அது. 2002ல் இன்னொரு குழு ஒரு துளையை அடைத்து மறு துளையை மட்டும் இப்படிப் பழக்கியது. அடைத்திருந்த துளையிலும் உணர்திறன் கூடியிருந்தது. கவனித்து, இடைவெளி விட்டு, சிறிது நேரம் முகர்வது மூக்கைக் கூர்மையாக்குகிறது. கவனிக்காமல் எட்டு மணி நேரம் அதிலேயே ஊறிக் கிடப்பது மந்தமாக்குகிறது. உங்கள் தொழிலில் மணம் பார்த்துத் தேறியவர்கள் துண்டுக் காகிதத்தில் தோய்த்து, ஒரு முறை முகர்ந்து, தள்ளி வைத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

என்ன பரிசோதனை செய்ய வேண்டும்

கண் மங்கினால் மறுநாளே டாக்டரிடம் ஓடுகிறோம். மூக்கு மங்கினால் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். நீங்கள் இரண்டு ஆண்டு பொறுத்துவிட்டீர்கள், இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பியில் சதை வளர்ச்சி, சைனஸ் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். முறையான வாசனைப் பரிசோதனையும் கேளுங்கள். பேனா போன்ற மணக்குச்சிகளை வைத்து, எவ்வளவு குறைந்த அளவில் தெரிகிறது, இரண்டு மணங்களைப் பிரிக்க முடிகிறதா, பெயர் சொல்ல முடிகிறதா என்று மூன்று விதமாக மதிப்பெண் போடுவார்கள். இதில் நீங்கள் நன்றாகத் தேறிவிட்டால், பூ மணம் மட்டும் தெரியாதது பழக்கம்தான் என்பது ஏறக்குறைய உறுதி. மதிப்பெண் பொதுவாகவே குறைந்திருந்தால் கதை மாறும். நீண்ட கால சால்வென்ட் தொடர்பு வாசனைத் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், அப்போது வேலைச் சூழலைப் பற்றித் தீவிரமாகப் பேச வேண்டும்.

முடிந்தால் இந்தப் பரிசோதனையை வேலைக்குப் போகாத சில நாட்களுக்குப் பிறகு செய்துகொள்ளுங்கள். பணியிடத்திலிருந்து நேராகப் போனால் முடிவு கொஞ்சம் திரிந்து வரும்.

ஒரு துளையில் மட்டும் மணம் தெரியாமல் போவது, ஒரு பக்கம் மட்டும் அடைப்போ ரத்தக் கசிவோ, இல்லாத கருகல் வாடை திடீரெனச் சில நொடிகள் வந்து போவது, தலையில் அடிபட்ட பிறகு மணம் போவது: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. பரிசோதனைக்குப் போகும் முன் ஒருமுறை நீங்களே சரிபார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

பொதுவான குறைவு என்று தெரிந்தால் முகர்வுப் பயிற்சி உதவும். ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹுமெல் குழுவினர் 2009ல் பரிசோதித்த முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு மணங்கள், காலையும் மாலையும், 12 வாரம். இன்று உலகமெங்கும் மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பழக்கத்தால் வந்த மந்தத்துக்கு இது தேவையில்லை.

வேலையை விடுவதா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மந்தம் மட்டுமே பிரச்சினை என்றால் அது வேலையை விடும் அளவுக்கு உடல்நலக் கேடு இல்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூஜ்யமாக்கிய தராசு பாத்திரத்தின் எடையைச் சொல்லாது. அந்த அறையில் வாசனை எண்ணெயின் ஆவி அளவுக்கு மீறினாலும் உங்கள் மூக்கு எச்சரிக்காது. சில வாயுக்களில் இது உயிருக்கே ஆபத்து. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை ஒட்டி ஏறினால் சில நிமிடங்களில் நாற்றமே தெரியாமல் போய்விடும். "நாற்றம் போயிற்று, ஆபத்தும் போயிற்று" என்று நினைத்து இறந்தவர்கள் உண்டு. உங்கள் அறையில் அந்த வாயு இருக்கிறது என்று சொல்லவில்லை. மூக்கை எச்சரிக்கை மணியாக நம்பக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

எனவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கையாளும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. 16 பகுதிகள் கொண்டது. அதில் 8ஆவது பகுதி காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம், என்ன பாதுகாப்புச் சாதனம் வேண்டும் என்று சொல்லும்; 11ஆவது பகுதி உடலில் ஏற்படும் பாதிப்புகளைச் சொல்லும். என்ன பொருளோடு வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை. பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் இதை ஏற்கின்றன. கூடவே காற்றில் சால்வென்ட் அளவை அளந்து காட்டச் சொல்லுங்கள். "எனக்கு நெடி வருகிறது" என்று சொன்னால் கற்பனை என்பார்கள். "டிரம் கசிந்த பிறகு காற்றின் தரம் எப்போது அளக்கப்பட்டது, முடிவு என்ன?" என்று கேட்டால் அந்தப் பதில் எடுபடாது. சங்கமோ பாதுகாப்புக் குழுவோ இருந்தால் அவர்கள் வழியாகக் கேட்பது இன்னும் நல்லது. தனியாளாகக் கேட்டால் "தொந்தரவுக்காரர்" என்ற பெயர் வரும் வாய்ப்பை நான் மறைக்க விரும்பவில்லை.

அளவு வரம்புக்கு மேல் இருந்தால், சரிசெய்யும் வரை அந்த அறையில் வேலை செய்யாதீர்கள். வரம்புக்குள் இருந்தால், மிஞ்சுவது டிரம் கசிந்த நாள் விட்டுச்சென்ற பயம். அதற்கும் வழி இருக்கிறது. பயத்தோடு பழக்கிய எலிகளுக்கு அதே மணத்தை அதிர்ச்சி இல்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது பயம் அடங்கியது. பயத்தால் பெருகியிருந்த நரம்பணுக்களின் எண்ணிக்கையும் பழைய நிலைக்கு இறங்கியது. 2015ல் வந்த முடிவு இது. மனிதர்களுக்கு இதையே ஒரு மனநல ஆலோசகர் படிப்படியாகச் செய்வார். நீங்களாகவே சால்வென்ட் டப்பாவைத் திறந்து முகர்ந்து பயிற்சி எடுக்க வேண்டாம்; அது நச்சுப் பொருள். தூக்கம் கெடுகிறது, வேலைக்குக் கிளம்பும்போதே படபடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அளவீட்டின் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆலோசகரை இப்போதே பார்க்கலாம்.

பிரிவு மாற்றம் கேட்பதையும் யோசியுங்கள். சில மாதம் வேறு மணம் உள்ள பகுதியில் இருந்தால் பூ மணம் உங்களுக்குத் திரும்பத் தெரியும். தரம் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்பதால் இது நிறுவனத்துக்கும் லாபம்: பழகிய மூக்கு ஒரு தொகுதியில் மணம் தூக்கலா குறைவா என்று சரியாகச் சொல்ல முடியாது. இப்படிச் சொல்லிக் கேட்டால் சலுகை கேட்பது போலவும் இருக்காது. ஊதியமோ பதவியோ குறையாது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கணவரும் மகனும் சொல்வது சரி. சென்ட் போதுமா என்று தீர்மானிக்க இப்போதைக்கு உங்கள் மூக்கு பொருத்தமான நீதிபதி இல்லை. இரண்டு தடவை அடித்தால் போதும், மணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். பூ மணம் இல்லாத வேறு வகைக்கு மாறினால் உங்களுக்கும் தெரியும், சண்டையும் குறையும். மகனுக்குத் தும்மலோ இளைப்போ இருந்தால் சில வாரம் எதுவுமே வேண்டாம்.

கடைசியாக அந்தத் துத்தநாக மருந்து. நல்ல வேளையாகப் பிரிக்கவில்லை. மூக்கில் நேராக அடிக்கும் துத்தநாகத் தயாரிப்புகளால் சிலருக்கு வாசனைத் திறன் போய்விட்டது என்று புகார்கள் குவிந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009லேயே எச்சரிக்கை விட்டது. சிலருக்கு அந்த இழப்பு நிரந்தரம். நல்ல நரம்பைக் கருக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டாம். பாட்டிலைப் பிரிக்காமலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.